ஆறாவது படம்

கேப்டன் மேடம், முதலில் உங்கள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். திரை மேலே தெரிகிற மாதிரி மேசையில் வைப்பது நல்ல பழக்கமில்லை. உங்கள் வீட்டுப் பூனைக்கு மருந்து கொடுத்தாயிற்று என்பதும், அது யாருடைய கையையோ பிறாண்டிவிட்டது என்பதும் இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. பூனை விஷயம், போகட்டும். ஆனால் நீங்கள் போலீஸ். நாளைக்கு இந்த நாற்காலியில் என்னைப் போல ஒழுங்கான ஆள் உட்காருவார் என்று என்ன நிச்சயம்?

நன்றி. இப்போது பேசலாம்.

என் பெயர் ஓட்டகர் ஹுடெட்ஸ். ப்ரெஸ்கா நகராட்சியில் கணினி, செய்தித் தொடர்பு எல்லாம் என் பொறுப்பு. யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். போன வருடம் யெசென்கா ஆறு பெருகி வந்தபோது, ஆற்றங்கரைத் தோட்டங்களில் யிட்கா மார்கோவாவும் அவரோடு இருந்த ஐந்து முதியவர்களும் இறந்துபோனார்கள் அல்லவா, அந்த விஷயமாக. அணையில் வேலை பார்த்த ராடிம் குபாலா மேல் அதற்காக வழக்கு நடக்கிறது. அவர் சிறைக்குப் போவது உறுதி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவரைக் காப்பாற்ற ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வந்தது நேற்று வெளியான விசாரணைக் குழு அறிக்கைக்காக.

அதன் கடைசிப் பகுதியைப் படித்தீர்களா? ‘செய்தி பரிமாறும் முறையிலேயே பிழை இருந்திருக்க வாய்ப்புண்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். வாய்ப்புண்டாம். படித்த மனிதர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, மாவட்டச் செலவில் காபி குடித்துக்கொண்டு எழுதிய வாக்கியம் அது. அதனால் அந்த முறையையே தூக்கி எறிந்துவிட்டு, கடல் தாண்டி இருக்கிற ஏதோ ஒரு பெரிய நிறுவனத்திடம் நம் மாவட்டத்தின் பேச்சு முழுவதையும் ஒப்படைக்கப் போகிறார்கள். காலையில் அதைப் படித்துவிட்டு ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மனைவி, “என்ன, முகமெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு?” என்று கேட்டாள். வெயில் என்றேன். அப்போது வெயிலே இல்லை.

உங்களுக்கு இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று உங்களுக்கும் புரியாது. அந்த மூன்று பேருக்குப் புரியாமல் போனது போதும்.

நகராட்சிக்கு ஒரு சர்வர். அணை நிர்வாகத்துக்கு ஒன்று. தீயணைப்புக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று. எல்லாம் அவரவர் கட்டடத்தில், அவரவர் பூட்டுக்குள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கிற பெரிய மனிதர் என்று யாரும் கிடையாது. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை பேசிக்கொண்டிருக்கும். ஒரு குழுவில் எழுதுவதை அந்தக் குழுவில் இருப்பவர்கள் தவிர ஒரு ஈ காக்கை படிக்க முடியாது. சர்வரைத் துடைத்துக் கும்பிடுகிற நான்கூடப் படிக்க முடியாது. இதை மாவட்டத்துக்குக் கொண்டுவர நான் எத்தனை கூட்டங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். ராடிம் என்ற பெயரில் எழுதுவது ராடிம்தானா? கடவுச்சொல்லைத் திருடியவனும் அந்தப் பெயரில் எழுதலாமே. அதற்குத்தான் ஏழு படங்கள். ஒருவர் புதுக் கைப்பேசி எடுத்தால், அவர் திரையிலும் என் திரையிலும் ஒரே நேரத்தில் ஏழு சின்னப் படங்கள் வரும். நாய், சாவி, மீன் என்று இப்படி ஏதாவது. இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்து, முடியாவிட்டால் குரல் தெரிந்தவர்கள் போனில் பேசி, ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஏழும் ஒன்றாக இருந்தால் ‘பொருந்துகிறது’ என்று அழுத்தலாம். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழும். ஒன்று மாறியிருந்தாலும் நடுவில் எவனோ புகுந்திருக்கிறான் என்று அர்த்தம். பிழையால் மாறாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாறினால் திருடன் இருக்கிறான்; திருடன் இல்லை என்றால் மாறாது.

வெள்ள அபாயத்துக்கு என்று ஒரு தனிக் குழு வைத்திருந்தோம். அதில் பச்சை டிக் இல்லாத கைப்பேசியிலிருந்து வருகிற செய்தி யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவின் பொறுப்பாளர் என்ற முறையில் என் திரையில் மட்டும் வந்து நிற்கும். நான் சரிபார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். இந்த விதியை எழுதியது நான்தான். காரணமில்லாமல் எழுதவில்லை. ஒரு தேவாலயத் திருவிழா அன்று எவனோ ஒரு குடிகாரன், அணையிலிருந்து பேசுகிறேன், மதகு உடைந்துவிட்டது என்று நகராட்சிக்குப் போன் போட்டான். வறுத்த வாத்து தட்டில் கிடக்க ஊரே மேட்டுக்கு ஓடியது. ஒரு தையல்காரர் படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கையானார். அதற்குப் பிறகு நகர மன்றம் கூடி முடிவெடுத்தது. வெள்ள விஷயத்தில் போன் பேச்சு செல்லாது. குழுவில் பச்சை டிக்கோடு வருவதுதான் உத்தரவு. அபாயச் சங்கு ஊதுவதானாலும் அப்படியே. எல்லோரும் கை தூக்கினார்கள். அணை நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்த ராடிமும் தூக்கினார். ஒரு கையில் பியர் இருந்ததால் மறு கையை.

விதி வந்ததே தவிர மனிதர்கள் மாறவில்லை. படங்களை ஒப்பிடக் கூப்பிட்டால், “அட எல்லாம் ஒண்ணுதான், அமுக்குங்க சார்” என்பார்கள். திரையைப் பார்க்கக்கூட மாட்டார்கள். நகரத் தலைவர் வாவ்ரோவா அம்மாள் தன் கைப்பேசியை என்னிடமே கொடுத்து, “ரெண்டு பக்கமும் நீங்களே பாத்துக்கோங்க, எனக்கு மீட்டிங் இருக்கு” என்றார். பூட்டுச் செய்து கொடுத்தால் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற ஜனங்கள்.

யிட்கா மட்டும் வேறு மாதிரி. நகராட்சியில் பேரிடர்ப் பாதுகாப்பு அவர் பொறுப்பு. ஆற்றங்கரைத் தோட்டங்கள் அவர் கவனிப்பில் இருந்தன. ஓய்வுபெற்றவர்கள் கோடை முழுவதும் அங்கேதான் சின்னச் சின்ன மரக்குடிசைகளில் இருப்பார்கள். தக்காளி, திராட்சை, முயல் என்று ஒரு தனி உலகம். அவர்களை மழைக்காலத்தில் கிளப்புவதற்குள் யிட்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கைப்பேசி மாற்றினால் அவரே என் அறைக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படமாக விரலை வைத்துப் படிப்பார். “இது ஆமையா, நத்தையா, இன்ஜினியர் சார்? தப்பாச் சொல்லிடக் கூடாதில்ல?” என்று கேட்பார். அவரை நான் மதித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராடிம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தமாகப் பேசுவார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். அவரோடு நான் ஒருநாளும் கோப்பை தட்டி, ‘இனிமேல் நீ என்றே பேசிக்கொள்வோம்’ என்று சொன்னதில்லை. அவராகவே ஒருநாள் ‘நீ’ போட ஆரம்பித்தார். நான் கடைசிவரை ‘நீங்கள்’தான்.

நாட்காட்டியில் வாவ்ரோவா அம்மாளின் பெயருக்குரிய நாள் வந்தபோது, பிறந்தநாள் மாதிரிக் கொண்டாட, வழக்கம்போல அலுவலகத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். ரொட்டித் துண்டுகள் மேல் முட்டை, இறைச்சி, வெள்ளரி எல்லாம் அடுக்கி வைத்த தட்டுகள். யாரோ வீட்டில் வடித்த பிளம் சாராயம். நான் ஒரு துண்டை எடுக்கக் கை நீட்டினேன். ராடிம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏய் ஓட்டகர், நில்லு நில்லு. சரிபாக்காம சாப்பிடலாமா? விஷம் வெச்சிருந்தா?”

ஒரு காலித் தட்டை எடுத்து, ரொட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து வரிசையாக வைத்தார். வெள்ளரித் துண்டு, முட்டை, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், பாலாடைக்கட்டி, இறைச்சிச் சுருள். ஏழு. அதே மாதிரி இன்னொரு தட்டு. ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ம், சொல்லு. மொதல் படம்?”

நான் தட்டை ஒதுக்கிவிடப் பார்த்தேன்.

“வெள்ளரிக்கா. எனக்கும் வெள்ளரிக்கா. பொருந்துதா? ரெண்டாவது முட்டை. உனக்கு முட்டையா இல்ல திருடன் கொண்டுவந்த முட்டையா? நல்லா பாருப்பா, ஊரோட உசுரே உன் கையிலதான் இருக்கு!”

என் குரலையே எடுத்துக்கொண்டு, மூக்கால் பேசி, கண்ணாடியை ஏற்றிவிடுவது மாதிரி விரலை மூக்கில் வைத்து, ஏழையும் படித்தார். வாவ்ரோவா அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யிட்காவும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. கடைசியில் ராடிம் அந்த இறைச்சிச் சுருளை என் வாயருகே கொண்டுவந்து, “டிக் விழுந்தாச்சு, இப்ப தின்னு” என்றார். நான் வாங்கித் தின்றேன். நானும் சிரித்தேன். எனக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு.

அதற்குப் பிறகு நான் நடைபாதையில் போனால் யாராவது ஒருவர், “இன்ஜினியர் சார், வெள்ளரிக்கா சரியா இருக்கா?” என்பார். துப்புரவுப் பணியாளர் முதல் வரிவசூல் பெண் வரைக்கும். குளிர்காலம் முழுவதும். வசந்தத்திலும். ஒவ்வொரு தடவையும் தாடை இறுகும். பல் மருத்துவர்கூட, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று கேட்டார். ஊருக்கு உழைத்தவனை உப்புக்குப் பெறாத கோமாளியாக்கிவிட்டார்கள். சொல்லப்போனால் ஒரு வேலையைச் செய்பவன் அவமானப்பட்டால் வேலையும் அவமானப்படுகிறது. இது தனிப்பட்ட விஷயமில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

நாள் கணக்காக மழை. நான் அலுவலகத்தில், மேட்டுத் தெருவில், மாடி அறையில் இருந்தேன். யிட்கா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தோட்டங்களுக்குப் போனார். பெரும்பாலானவர்கள் முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். பிடிவாதக்காரர்கள் சிலர் மட்டும் மிச்சம். குழுவில் எழுதினார்: ‘ஐந்து பேர் இருக்கிறார்கள். முயலை விட்டுவிட்டு வர மாட்டோம் என்கிறார்கள். உத்தரவு வந்தால் இழுத்துக்கொண்டாவது வந்துவிடுவேன்.’ எல்லோரும் அதைப் பார்த்தோம்.

கொஞ்ச நேரத்தில் என் திரையில் மட்டும் ஒரு செய்தி வந்து நின்றது. ராடிமின் பெயர், டிக் இல்லாத கைப்பேசி. ‘மேல் மதகு சிக்கிக்கொண்டது. தண்ணீர் அணைக்கு மேலே வழிகிறது. தோட்டங்களைக் காலி செய்யுங்கள். உடனே.’ அடுத்த நிமிடம் போன் அடித்தது.

“ஓட்டகர், நான்தான் ராடிம். என் போன் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு, இது ஸ்டோர்ல கெடந்த போன். மெசேஜ் வந்துச்சா? உள்ள விடு.”

“டிக் இல்லை. முதலில் சரிபார்க்க வேண்டும்.”

“என்ன வெளையாடறியா? என் குரல் தெரியலையா உனக்கு?”

“குரலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. நீங்களும்தானே கை தூக்கினீர்கள்.”

ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதை எழுத வேண்டாம். பிறகு, “சரி, போடு, சீக்கிரம் போடு” என்றார். படங்கள் வந்தன. மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் படித்தார்: “நாய். சாவி. குடை. ரயில். மீன். தொப்பி. மணி. போதுமா? அமுக்கு, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

‘பொருந்தவில்லை’ என்று பதிவானது. அப்படிப் பதிவானால் அந்தக் கைப்பேசி குழுவிலிருந்து தானாக வெளியேற்றப்படும், அதிலிருந்து வந்த செய்தியும் அழிந்துவிடும். விதி அப்படி. யிட்கா என்னைக் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் அந்த ஐந்து பேரையும் மழைக்கு ஒதுங்கத் தோட்டக்காரர் சங்கக் கட்டடத்துக்குள் கூட்டிப்போனார். கரையை ஒட்டிய கட்டடம். மீதி உங்களுக்குத் தெரியும்.

இதைத்தான் நான் விசாரணைக் குழுவிடமும், பிறகு அரசு வழக்கறிஞரிடமும் சொன்னேன். ஆறாவது படம் மாறியிருந்தது என்றேன். அவர் தொப்பி என்று படித்தார், என் திரையில் இருந்தது கத்தரிக்கோல். அவ்வளவுதான். பதற்றத்தில் ராடிம் தப்பாகப் படித்திருக்கிறார் என்று வழக்கறிஞர் முடிவுக்கு வந்தார். ஆறு உயிர் போகக் காரணமான கவனக்குறைவு. அணை நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பேக்கரியில் அவருக்கு ரொட்டி இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் நீதிமன்ற நடைபாதையில் இரண்டு பேரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆள் பாதியாகியிருந்தார். எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

“ஆறாவதா நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார்.

“தொப்பி.”

“உங்களுக்கு?”

“கத்தரிக்கோல்.”

என் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கு ஒழுங்கா ஞாபகம் இல்ல. ராத்திரியெல்லாம் அந்தத் திரையை நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். ஒருவேளை கத்தரிக்கோலாத்தான் இருந்திருக்குமோ என்னவோ. நீங்க கவனமா பாக்கறவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ‘நீங்க’ என்றார். எனக்கு அது நிறைவாக இருந்தது. மறைப்பானேன்? அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

விஷயம் அப்படியே முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ராடிம் போய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருப்பார். ஆனால் அவருக்கு வாதாட வந்த வக்கீல் ஒரு சின்னப் பெண், விடவில்லை. மனிதன் சரியாகப் படித்திருந்து, திரைகளே இரண்டு விதமாகக் காட்டியிருந்தால்? இந்த முறையே ஓட்டை என்றால்? விசாரணைக் குழு அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. மனிதர்கள் மேல் பழி போடுவதைவிட இயந்திரத்தின் மேல் போடுவது எல்லோருக்கும் வசதி. வாவ்ரோவா அம்மாள் தொலைக்காட்சியில் தோன்றி, “நாங்க நம்பின தொழில்நுட்பம் எங்களைக் கைவிட்டுடுச்சு” என்று கண்ணைத் துடைத்தார். இரண்டு பக்கமும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அதே அம்மாள். தொலைக்காட்சிப் பெட்டியை உடைக்காமல் விட்டதே பெரிய காரியம்.

கைவிட்டதாம். கேப்டன் மேடம், உங்களிடம் சொன்னேனே. திருடன் இல்லாமல் படம் மாறாது. அந்தக் கணக்கு எத்தனையோ நாட்டு நிபுணர்கள் தோண்டித் துருவிப் பார்த்த கணக்கு. ப்ரெஸ்காவில் மூன்று பேர் காபி குடித்துக்கொண்டு அதைப் பொய் என்று எழுதிவிட முடியாது. எழுத நான் விடவும் மாட்டேன்.

என் திரையில் ஆறாவது இருந்தது தொப்பி. நீலத் தொப்பி. நாய், சாவி, குடை, ரயில், மீன், தொப்பி, மணி. ஏழும் அப்படியே, ஒரு மயிரிழை மாறாமல் பொருந்தின. முறை செய்ய வேண்டியதைச் செய்தது. ‘பொருந்தவில்லை’ என்று அழுத்தியது நான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவர் படித்த விதம் இருக்கிறதே, கடைசியில் “போதுமா?” என்று கேட்டாரே, அது அன்று தட்டை வைத்துக்கொண்டு பேசிய அதே குரல். மழையில், பயத்தில் அவர் குரல் அப்படி ஆகியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், இன்னொரு தடவை படிக்கட்டும் என்பதுதான். ஒழுங்காக, நிதானமாக, மரியாதையாக. மறுபடியும் என்னைக் கூப்பிட்டு, தயவுசெய்து என்று கேட்டிருந்தால், படங்கள் இல்லாமலே நானாக அனுமதித்து உள்ளே விட்டிருப்பேன். அது ஒரு நிமிட வேலை. நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் கூப்பிடவில்லை. என்னைத் தாண்டி நேராக யிட்காவைக் கூப்பிட்டான். விதியாவது மண்ணாவது என்று, நான் ஒருவன் உட்கார்ந்திருப்பதே தெரியாத மாதிரி. அவர் என்று எழுதிக்கொள்ளுங்கள், வாய் தவறிவிட்டது.

பிறகு யிட்கா என்னைக் கூப்பிட்டார்.

“இன்ஜினியர் சார், ராடிம் போன் பண்ணினாரு. அணை வழியுதுன்னு சொல்றாரு. குழுவுல ஒண்ணுமே வரலியே? அவரு குரல் மாதிரிதான் இருந்துச்சு. நான் இவங்களைக் கெளப்பிடட்டுமா?”

“போன் பேச்சு செல்லாது. உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார். ஆனா பாவம், ரொம்பப் பயந்துபோய்ப் பேசினாரு. அது அவருதான்னு என் மனசுக்குப் படுது. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். இவங்க நான் சொன்னா கேக்க மாட்டாங்க, உத்தரவு வந்துச்சுன்னு சொன்னாத்தான் காலை எடுத்து வெப்பாங்க. படம் பாத்தீங்களா? அவருதானா, இல்லையா?”

எனக்கு எதிரில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் செய்திக் குழு. மற்றதில் ஆற்றின் நீர்மட்டம். ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிற பாலத்தில் அளந்து காட்டும் அந்தக் கோடு அப்போது செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். பார்க்கவில்லை என்று விசாரணைக் குழுவிடம் சொன்னது பொய். அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

மனசுக்குப் படுகிறதாம். ஆமையா நத்தையா என்று விரல் வைத்துப் பார்த்த ஒரே மனுஷி. அவருக்கும் கடைசியில் ராடிமின் குரல் போதும். நான் எழுதிய விதி, நான் ஓட்டிய சர்வர், எல்லாம் ஒரு சடங்கு. ராடிம் சத்தம் போட்டால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். காதுக்குள் அந்தச் சிரிப்பு கேட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை.

“இல்லை” என்றேன். “அவர் இல்லை. யாரோ அவர் பெயரில் விளையாடுகிறார்கள். மழையில் வெளியே நிற்காதீர்கள், எல்லோரையும் சங்கக் கட்டடத்துக்குள் கூட்டிப் போங்கள்.”

“அப்படியா? நல்லவேளை கேட்டேன்” என்றார் யிட்கா. “ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க இருக்கறதால கொஞ்சம் தைரியமா இருக்கு.”

பின்னால் யாரோ ஒரு கிழவர், முயலையும் உள்ளே எடுத்துப் போகலாமா என்று கேட்பது காதில் விழுந்தது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே போனை வைத்தார். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கோடு ஏறுவதைப் பார்த்தேன். குழுவில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நேரம் இருந்தது. எழுதவில்லை.

அவ்வளவுதான். இனி நான் சொல்கிற வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரி, செய்தி முறையில் எந்தப் பிழையும் இல்லை, அன்று அது சரியாக வேலை செய்தது. அந்த வரியை விசாரணைக் குழுவுக்கும் வாவ்ரோவா அம்மாளுக்கும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அந்தப் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ராடிம், யிட்கா, மற்றவர்கள் பற்றியது எல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.

என்ன எழுதுகிறீர்கள்? கொஞ்சம் காட்டுங்கள். ‘கோபத்தில் செய்ததாக ஒப்புக்கொள்கிறார்’ என்றா? அதை அடித்துவிடுங்கள், மேடம். அது மட்டும் உண்மையில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நான் கோபப்படுகிற ஆளே இல்லை.